அரிச்சல்முனையின் மணல் கணக்கு

ராமேஸ்வரம் போய் வந்தவர்களிடம் தனுஷ்கோடி எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "இந்தப் பக்கம் பெண் கடல், அந்தப் பக்கம் ஆண் கடல், நடுவுல ரோடு. சூப்பரா இருந்துச்சு!" கூடவே செல்போனில் ஒரு படம் காட்டுவார்கள். இடது பக்கம் குளம் மாதிரி அசையாத தண்ணீர். வலது பக்கம் நுரை தள்ளும் அலை. நடுவில் கறுப்பாக நீளும் சாலை. கடைசியில் அசோகத் தூண்.

அந்தச் சாலை முடிகிற இடத்துக்குப் பெயர் அரிச்சல்முனை. அரித்தல் என்ற சொல்லில் இருந்து வந்த பெயர் என்பார்கள். அதாவது, கடல் அரிக்கிற முனை. இந்தப் பெயரை முதலில் வைத்தவர் எந்தக் கல்லூரியிலும் புவியியல் படித்திருக்க மாட்டார். கரையைப் பார்த்தார், அது கரைவதைப் பார்த்தார், பெயர் வைத்தார். அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கைப் பலகையில் எழுத வேண்டியதை ஒரே சொல்லில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெயரைத் தினமும் சொல்லிக்கொண்டே அங்கே தார்ச்சாலை போட்டாயிற்று, கல் அடுக்கியாயிற்று, ரயில் பாதைக்கும் ஒருமுறை அடிக்கல் நாட்டியாயிற்று!

ராமநாதபுரம் கடற்கரை என்பது வரைபடத்தில் பேனாவால் போட்ட கோடு இல்லை. அது மணலின் வரவு செலவுக் கணக்கு. ஆற்றில் இருந்து, பவளப்பாறையில் இருந்து, பக்கத்துக் கரையில் இருந்து மணல் வரும். அலையும் நீரோட்டமும் அதை எடுத்துக்கொண்டும் போகும். மீதி இருப்பதைத்தான் கரை என்று சொல்கிறோம். இந்தக் கணக்கைப் பார்க்காமல் அங்கே எதைக் கட்டினாலும் நஷ்டம் வரும். அந்த நஷ்டம் பெரும்பாலும் கட்டியவர் தலையில் விழுவதில்லை. பக்கத்தில் குடிசை போட்டிருக்கும் மீனவர் தலையில்தான் விழும்.

பெண் கடல் எப்போதும் பெண் கடல் இல்லை

முனையில் இலங்கையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் இருப்பது பாக் விரிகுடா. வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. வேன் டிரைவர்கள் வங்காள விரிகுடா, இந்தியப் பெருங்கடல் என்று சொல்வார்கள். பெரிய கணக்கில் அதுவும் தப்பில்லை.

இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அலை என்பது காற்று தண்ணீரில் போடும் முதலீடு. எவ்வளவு நீளமான திறந்த கடலில் காற்று வீசுகிறதோ அவ்வளவு பெரிய அலை கிடைக்கும். மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே தடுக்க நிலமே கிடையாது. எங்கோ தென்கோடியில் அடித்த புயலின் அலைகூடப் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். பாக் விரிகுடா அப்படி இல்லை. ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் யாழ்ப்பாணமும் மன்னாரும், தெற்கே மணல் திட்டு. ஆழமும் குறைவு. வெளியில் இருந்து பெரிய அலை உள்ளே வர வழி குறைவு, உள்ளேயே உருவாக இடமும் குறைவு.

ஆனால் இந்த ஆண், பெண் பெயரெல்லாம் பாதி வருஷத்துக்குத்தான் செல்லும். வைகாசி, ஆனி தொடங்கி புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று. அப்போது மன்னார் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் தூங்கும். ஐப்பசி பிறந்து வடகிழக்குக் காற்று திரும்பினால் பாக் விரிகுடா விழித்துக்கொள்ளும். பெண் கடல் படகைப் புரட்டும் காலம் அது. சுற்றுலா வருபவர்களுக்கு இது தெரியாது. மீனவர்களுக்குத் தெரியும். கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று திசைக்கு ஒரு காற்றுப் பெயர் வைத்திருக்கிறார்கள். நீரோட்டத்துக்கு நீவாடு என்று தனிச்சொல்லே இருக்கிறது. வலை போடும் முன் நீவாடு எந்தப் பக்கம் என்று பார்ப்பது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை.

மணல் நடக்கும்

பள்ளிக்கூடத்தில் கடல் அலையின் அரித்தல், கடத்தல், படியவைத்தல் என்று மூன்று வார்த்தையை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்திருப்பீர்கள். ஐந்து மார்க் கேள்வி! இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய இடம் தனுஷ்கோடி.

அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். காற்று எந்தத் திசையோ அதற்கேற்பச் சாய்ந்து வரும். கரையில் ஏறும்போது மணலையும் தூக்கிக்கொண்டு சாய்வாக ஏறும். இறங்கும்போது சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நேராக இறங்கும். ரம்பத்தின் பல் மாதிரி ஒரு பாதை. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் மணல் துகள் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் போயிருக்கும். பத்து விநாடிக்கு ஒரு அலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 8,640 அலை. ஒரு பருவம் முழுவதும் ஒரே திசையில் இப்படி நடந்தால் எவ்வளவு மணல் எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, உடையும் அலைகள் கரையோரமாகவே ஒரு நீரோட்டத்தையும் உண்டாக்கும். கரையை ஒட்டி ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஆறு அது. அதில் தண்ணீரோடு மணலும் ஓடும்.

அந்த ஆறு ஓடிக்கொண்டே வருகிறது, கரை திடீரென்று முடிந்துவிடுகிறது. அப்போது என்ன ஆகும்? ஓட்டத்துக்கு வேகம் குறையும், சுமந்து வந்த மணலை இறக்கி வைத்துவிடும். இறக்கி வைத்த மணலின் மேல் அடுத்த மணல். கரை ஒரு விரல் மாதிரி கடலுக்குள் நீளும். தனுஷ்கோடி அப்படி நீண்ட ஒரு விரல்தான். விரல் முடிந்த பிறகும் தலைமன்னார் வரை ஆங்காங்கே மணல் தலைகாட்டும். ராமேஸ்வரம் மீனவர்கள் அவற்றை ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண் போட்டுச் சொல்கிறார்கள். 2022-ல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் இருந்து தப்பி வந்த குடும்பங்களைப் படகுக்காரர்கள் இறக்கி விட்டுப் போனது இந்தத் தீடைகளில்தான். குழந்தைகளோடு, சுற்றிலும் கடல், காலுக்குக் கீழே மணல். அந்த மணலும் நிலையானது இல்லை. ஒரு பருவத்தில் இருந்த வடிவம் அடுத்த பருவத்தில் இருக்காது.

இங்கே ஒரு விசேஷம் உண்டு. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் மன்னார் பக்கக் கரையோரமாக முனையை நோக்கி வந்து, முனையைச் சுற்றி பாக் விரிகுடாவுக்குள் போகும். வடகிழக்குக் காற்றில் ஒரு பங்கு திரும்பி வரும். அதாவது இரண்டு கடலும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்குகின்றன. கொடுக்கல் வாங்கல் நடக்கும் கல்லாப்பெட்டிதான் அரிச்சல்முனை. அதன் வடிவம் மாதத்துக்கு மாதம் மாறுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ராமேஸ்வரம் தீவு முழுவதும் வெறும் மணல் என்றும் நினைத்துவிட வேண்டாம். பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே வடக்குக் கரையில் செத்த பவளப்பாறை தண்ணீருக்கு மேலே நிற்பதைப் பார்க்கலாம். ஸ்டோடார்ட், கோபிநாத பிள்ளை என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972-ல் இதைப் பற்றி எழுதினார்கள். வயது சுமார் 4,000 வருஷம். பவளம் தண்ணீருக்கு மேலே வளராது. அப்படியானால் அது வளர்ந்த காலத்தில் கடல் இப்போது இருப்பதைவிட உயரத்தில் நின்றிருக்க வேண்டும், அல்லது நிலம் உயர்ந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இந்தக் கரை ஒரே இடத்தில் நின்றதே இல்லை.

வரவு குறைகிறது

சரி, மணல் வரவு எங்கே இருந்து? முதலில் ஆறுகள். மன்னார் வளைகுடாவுக்குத் தாமிரபரணி, வைப்பாறு, குண்டாறு. பாக் விரிகுடாவுக்கு வைகை. இவற்றின் நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததே. வைகை பழைய காலத்திலேயே ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு மிச்சம் மீதிதான் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும். 1959-ல் அணையும் வந்தது. அணையில் தண்ணீர் மட்டும் நிற்பதில்லை, மணலும் நிற்கிறது. அணைக்குக் கீழே மிச்சம் இருந்ததை லாரி அள்ளிக்கொண்டு போயிற்று. ஆற்று மணல் கொள்ளையைப் பற்றிப் பேசுபவர்கள் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுகிறார்கள், பாலத்தின் தூண் தெரிவதைப் பற்றிப் பேசுகிறார்கள். பல மைல் தள்ளி இருக்கும் கடற்கரையின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் அள்ளுகிறோம் என்று பேசுபவர்கள் குறைவு.

இரண்டாவது, பவளப்பாறையும் கடல்புல்லும். ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக 21 தீவுகள். குருசடை, மனோலி, முயல் தீவு என்று ஆளில்லாத சின்னத் தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. மன்னார் வளைகுடாவின் பெரிய அலை முதலில் மோதுவது இவற்றின் மேல்தான். பாதி பலத்தை அங்கேயே செலவழித்துவிட்டுத்தான் கரைக்கு வரும். உடைந்த பவளமும் சிப்பியும் பொடிந்து மணலாகவும் சேரும். ஆக, ஒரே பாறை வரவையும் கூட்டுகிறது, செலவையும் குறைக்கிறது.

இதை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல வருஷம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் பிடி இறுகியது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு பெரும் பகுதியை இழந்து, கடைசியில் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கடல் சூடாகிப் பவளம் வெளுப்பது இன்னொரு பக்கம். 1998, 2010, 2016 என்று பெரிய வெளுப்புகள் வந்து போயின. இரண்டு தீவை முழுங்கியது கடல் என்று எழுதுவது சுலபம். வேலியைப் பிடுங்கியது யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது காவலாளி கரையிலேயே இருக்கிறது. மணல்மேட்டில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு காலில் குத்தும் ஒரு புல். ஊர்க்காரர்கள் ராவணன் மீசை என்பார்கள். கூடவே படரும் அடப்பங்கொடி. காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவது இவைதான். புயல் அன்றைக்குக் கடல் அந்த மேட்டில் இருந்து மணலை எடுத்துக்கொள்ளும், ஊரை விட்டுவிடும். ராமர் பாலத்து ஊரில் மணலைக் காப்பது ராவணன் மீசை! பார்க்கிங் போட, கடை போட முதலில் சுத்தம் செய்யப்படுவதும் அந்த மீசைதான்.

1964

தனுஷ்கோடி ஒரு காலத்தில் ஊர். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்த ஊர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் இருந்து போட் மெயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கொழும்புக்கு ரயில் பிடிக்கலாம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் பல கண்கள் பிய்ந்து போயின. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியைச் சரிசெய்யவில்லை. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

அன்றைக்கு நடந்தது விபத்து என்று சொல்கிறோம். பாதிதான் உண்மை. புயல் காற்று தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளும்போது, ஆழமான கடலாக இருந்தால் தள்ளிய தண்ணீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத கடலில் திரும்ப இடம் இல்லை, குவிந்து மேலே எழும். அப்படி ஒரு ஆழமில்லாத கடலின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கும் குறுகிய மணல் நாக்கின் மேல், கல்லும் இரும்புமாக ஒரு துறைமுக ஊரைக் கட்டியிருந்தோம். ஐம்பது வருஷம் அது நின்றதே என்று கேட்கலாம். கணக்கில் ஐம்பது வருஷம் லாபம் காட்டிவிட்டு ஒரே ராத்திரியில் திவாலான கம்பெனிகளும் உண்டு.

கல் போட்டால் நிற்குமா?

2017-ல் முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் புதுச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போகும். இப்போது கார் நேராகப் போகிறது. சாலைக்குக் காவலாக ஓரத்தில் கல் அடுக்கியிருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் போனவர்கள் அந்தக் கல்லைத் தாண்டி அலை எகிறுவதைப் பார்த்திருப்பார்கள்.

மணலில் மோதும் அலை தன் பலத்தை மணலைப் புரட்டுவதிலேயே தீர்த்துக்கொள்ளும். கல்லில் மோதும் அலை அதே பலத்தோடு திரும்பும், திரும்பும்போது கல்லுக்கு முன்னால் இருக்கும் மணலைத் தோண்டிக்கொண்டு போகும். கல் நிற்கும், அதன் காலடி போகும். பிறகு கல்லும் சரியும். இன்னும் கல் கொட்ட வேண்டும். இது ஒருமுறை செலவு இல்லை, வட்டி.

கல் மணலைத் தடுத்தால் கீழ்ப்பக்கத்துக் கரைக்கு வர வேண்டிய மணல் வராது. உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. காந்தி சிலைக்குப் பின்னால் சுண்டல் தின்றபடி நடக்கும் அந்த அகலத்தில் ஒரு பங்கு ராயபுரத்துக்குச் சேர வேண்டியது. ராயபுரம் கரை அரிக்கப்பட்டது, அங்கே கல் போட்டார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. 1980-களில் புதுச்சேரி துறைமுகச் சுவர் வந்த பிறகு நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கல் போட்டதும் வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் வீடுகள் கடலுக்குள் போயின.

சென்னையிலும் புதுச்சேரியிலும் மணலின் நிகர ஓட்டம் வடக்கு நோக்கி. அதனால் தப்பு ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது. ராமேஸ்வரத்தில் பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது. அங்கே தப்பு இரண்டு பக்கமும் விழும்.

மீனவர் கணக்கையும் பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கும் தொழில் உண்டு. படகில் வலையை வளைத்துப் போட்டு, கயிற்றின் இரண்டு முனையையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்குத் தேவை வழவழப்பான மணல் கரை. கல் கொட்டிய இடத்தில் வலை கிழியும், கால் கிழியும். எஸ்டிமேட்டில் கல்லின் விலை இருக்கும், லாரி வாடகை இருக்கும். இழந்த கரைவலைப் பாட்டுக்கு எந்தப் பத்தியில் எழுதுவது?

கால்வாய்ச் சண்டையில் தொலைந்த கேள்வி

மணலைப் பற்றிப் பேசிவிட்டு சேது சமுத்திரத்தைத் தொடாமல் போக முடியாது. 2005 ஜூலை 2-ல் மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்த திட்டம். 2007-ல் திட்டுப் பகுதியைத் தோண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2023 ஜனவரியில் திட்டத்தை மறுபடி நிறைவேற்றச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். இடையில் ஊர் முழுக்க ஒரே விவாதம். அது ராமர் கட்டியதா, இயற்கையா?

நம்புகிறவர் நம்பிக்கையை யாரும் தொட வேண்டாம். நம்பாதவர் வாதத்தையும் தடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு பக்கமும் கத்திய சத்தத்தில் ஒரு சாதாரணக் கேள்வி காணாமல் போய்விட்டது. வருஷத்துக்கு இரண்டு முறை மணல் குறுக்கே நடக்கும் இடத்தில் பள்ளம் தோண்டினால், பள்ளம் எத்தனை நாள் பள்ளமாக இருக்கும்? முற்றத்தில் தோண்டிய குழியைக் காற்று மூடுவது போல அலை அதை மூடும். மறுபடி தோண்ட வேண்டும். வருஷா வருஷம் எவ்வளவு, யார் காசு, தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது, கலங்கிய தண்ணீரில் பவளமும் கடல்புல்லும் என்ன ஆகும்? இந்தக் கணக்கு ஆய்வறிக்கைகளில் இருந்திருக்கலாம். டீக்கடையில் இல்லை, மேடையில் இல்லை, டிவியில் இல்லவே இல்லை.

சொல்வது சுலபம்...

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும். "ஊரில் உட்கார்ந்துகொண்டு கல் போடாதே, ரோடு போடாதே என்று சொல்வது சுலபம். வீட்டு வாசலுக்குக் கடல் வந்தவனிடம் மணல் கணக்கு பேச முடியுமா?" பேச முடியாதுதான். பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் ஆயிரக்கணக்கான பேர் வாழ்கிறார்கள். சில இடங்களில் சுவர் தவிர வேறு வழி இருக்காது. சாலை வந்ததால் தனுஷ்கோடி மீனவர் பிடித்த மீன் கெடாமல் சந்தைக்குப் போகிறது, பிரசவ வலி வந்த பெண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடிகிறது என்பதும் உண்மை. அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஊரைக் காக்கும் சுவர் வேறு, வெறும் மணல் நாக்கை நிரந்தரமாக்கப் பார்க்கும் சுவர் வேறு. முதலாவது கட்டாயம். இரண்டாவது ஆசை. 2019 மார்ச்சில் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், சுமார் 17 கிலோமீட்டர். மாநில அரசு சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி ஆட்சேபித்தது. பாதை வரவில்லை. நல்லதுதான். 2025-ல் அதே தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காகச் சரணாலயம் அறிவித்தார்கள். நாரைக்கு அந்த இடம் பொருந்தும். தண்ணீர் ஏறினால் அது பறந்துவிடும். தண்டவாளம் பறக்காது.

அமெரிக்காவில் ஹட்டராஸ் முனையில் 1870-ல் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. கடல் நெருங்கிக்கொண்டே வந்தது. மணல் கொட்டிப் பார்த்தார்கள், தடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் 1999-ல் அந்தக் கோபுரத்தையே அலாக்காகத் தூக்கி, தண்டவாளத்தில் உருட்டி, கிட்டத்தட்ட 900 மீட்டர் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். கடலோடு சண்டை போடுவதைவிட விலகி நிற்பது லாபம் என்று கணக்குப் போட்ட தைரியம் அது.

இங்கே செய்யக்கூடியவை என்ன? முதலாவது, இந்தக் கரையில் எந்த வேலைக்கும் முன் இரண்டு பருவத்தையும் சேர்த்து ஒரு முழு வருஷம் மணல் போக்கை அளக்க வேண்டும். ஜனவரியில் வந்து அளந்துவிட்டு ஜூலைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது. இரண்டாவது, எங்காவது மணல் தேங்கினால் அது குப்பை அல்ல, பக்கத்து ஊரின் சொத்து. அதை எடுத்து அரிக்கும் இடத்தில் போட வேண்டும். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் சேரும் மணலை எடுத்து நகரக் கடற்கரைக்குக் கொடுக்கும் வழக்கம் பல வருஷமாக இருக்கிறது. மூன்றாவது, பவளம், கடல்புல், ராவணன் மீசை மூன்றையும் பொதுப்பணியாகவே பார்க்க வேண்டும். சுவர் போல அவையும் கரையைக் காக்கின்றன, பில் மட்டும் அனுப்புவதில்லை. நான்காவது, தனுஷ்கோடிச் சாலை ஒருநாள் உடையும் என்று ஒத்துக்கொண்டு, உடைந்தால் மணலோடு உள்ளே தள்ளிப் போடக்கூடிய சாலையாகவே அதை வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிபடுகிறது, தமிழ்நாட்டில் சுமார் 43 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறது. அந்த வரைபடம் ராமநாதபுரம் மாவட்டத்து ஒவ்வொரு கடலோரப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் தமிழில் தொங்க வேண்டும். மண்டபத்தில் கடல் மீன் ஆய்வு நிலையம் சுதந்திரம் வந்த காலத்தில் இருந்து இருக்கிறது. அதற்குச் சில மைல் தள்ளி நீவாடு பார்த்து வலை போடும் மனிதர் இருக்கிறார். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தனுஷ்கோடியில் இன்னும் சில குடும்பங்கள் ஓலைக் கொட்டகையில் வாழ்கிறார்கள். அதை ஞானம் என்று புகழ்வதும் தப்பு. பாதி அது வறுமை, பட்டா இல்லாத நிலைமை. ஆனால் அவர்கள் குடிதண்ணீர் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டுகிறார்கள். கொஞ்ச ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைத்தண்ணீரை மணல் பிடித்து வைத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் இருக்கிறது, நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. மணல் பரப்பு அகலமாக இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு. கரை குறுகினால் ரோடு போவதற்கு முன்னால், வீடு போவதற்கு முன்னால், இந்த ஊற்று உப்பாகிவிடும். மணல் கணக்கில் தப்பு விழுந்தால் முதலில் தெரிவது ஒரு வீட்டுக் குடத்தில்தான்.

அடுத்தமுறை அரிச்சல்முனை போனால் தூணோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. எடுத்த பிறகு ஒரு நிமிஷம் மணலைப் பாருங்கள். எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது, எந்தப் பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் போகும்போது அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.